வில்லை வளைத்த வெள்ளைக்காரர்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போகும் பஸ்ஸில் ஏறிப் பின் சீட்டில் உட்கார்ந்து பாருங்கள். சாலை நேராக இருக்கும் வரை கவலை இல்லை. கண்மாய்க் கரை ஓரம் சாலை வளைந்தால் போதும், பஸ் ஒரு பக்கம் சாயும். உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் அதே பக்கம் சாய்வார்கள். கூடையில் இருக்கும் கத்தரிக்காய் உருளும். எல்லாக் கைகளும் மேலே இருக்கும் கம்பியைத் தேடும். வளைவு முடிந்ததும் பஸ் நிமிரும். எல்லோரும் மூச்சு விடுவார்கள்.

அது கரிசல் பூமி. மழை பெய்தால் மண் உப்பும். வெயில் அடித்தால் பாளம் பாளமாக வெடிக்கும். அதன் மேல் போட்ட தார்ச்சாலையும் மண்ணோடு சேர்ந்து நெளியும். பஸ் தூக்கித் தூக்கிப் போடும்.

தூக்கிப் போடுவது ஒரு தொல்லை. சாய்வது இன்னொரு தொல்லை. இரண்டிலும் பெரும் பங்கு வண்டியின் அடியில் இருக்கும் ஒரே பொருளுக்கு உண்டு. அதுதான் வில்!

வில் என்றதும் ராமர் கையில் இருந்த வில்லை நினைக்க வேண்டாம். வில் வண்டியில் இருக்கிறதே, அந்த வில். கட்டை வண்டியில் பாரம் நேராக அச்சின் மேல் உட்கார்ந்திருக்கும். சக்கரம் கல்லில் ஏறினால், அடி முதுகெலும்பில் விழும். வில் வண்டியில் அப்படி இல்லை. வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கி, அவற்றின் மேல் கூண்டை ஏற்றியிருப்பார்கள். மேடு பள்ளத்தைப் பட்டைகள் வாங்கிக் கொள்ளும். கல்யாண மாப்பிள்ளையும் பெரிய வீட்டுப் பெண்களும் அதில்தான் போவார்கள். பஸ்ஸிலும் லாரியிலும் இருப்பது அதே பட்டைதான். பட்டறைக்காரர்கள் அதைக் கமான் பட்டை என்கிறார்கள். கமான் என்றாலும் வில் என்றுதான் பொருள்.

அந்த வில் எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும்? எவ்வளவு இளக்கமாக இருக்க வேண்டும்? இந்தக் கேள்வியோடு வாழ்நாள் முழுவதும் மல்லுக்கட்டி, உலகத்திலேயே வேகமான பந்தயக் கார்களைச் செய்தவர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் காலின் சாப்மன். இங்கிலாந்து நாட்டுக்காரர். அவர் செய்த காரின் பெயர் லோட்டஸ். தமிழில் சொன்னால் தாமரை!

குளிர் நாட்டில் பிறந்த காருக்குத் தாமரை என்று ஏன் பெயர் வைத்தார்? கடைசி வரை அவர் அதை வெளியில் சொல்லவில்லை.

விற்காத கார்

சாப்மன் 1928-ம் ஆண்டு மே 19-ந் தேதி லண்டனுக்குப் பக்கத்தில் உள்ள ரிச்மண்டில் பிறந்தார். அவருடைய தந்தை, வட லண்டனில் ஹார்ன்சி என்ற இடத்தில் ரெயில்வே ஓட்டல் என்ற விடுதியை நடத்தி வந்தார். பையன் படிப்பில் கெட்டிக்காரன். லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் சேர்ந்து கட்டுமான என்ஜினீயரிங் படித்தான். பாலம் எப்படி நிற்கிறது, உத்தரம் எவ்வளவு பாரம் தாங்கும், எந்த இடத்தில் இரும்பு தேவை, எந்த இடத்தில் வீண் என்று கணக்குப் போடும் படிப்பு அது. கார் செய்யும் படிப்பு அல்ல. ஆனால் பிற்காலத்தில் அவர் செய்த ஒவ்வொரு காரிலும் இந்தப் படிப்பு தெரிந்தது. படிக்கும்போதே விமானம் ஓட்டவும் கற்றுக் கொண்டார்.

கைச் செலவுக்குப் பணம் வேண்டும் அல்லவா? நண்பர் ஒருவருடன் சேர்ந்து பழைய கார்களை வாங்கி விற்றார். உலகப் போர் முடிந்த சமயம். புதுக் கார் கிடைக்காது. பழைய காருக்குக் கிராக்கி. வியாபாரம் நன்றாக நடந்தது.

1947-ம் ஆண்டு கடைசியில் இடி விழுந்தது. சொந்தக் கார் வைத்திருந்தவர்களுக்குக் கொடுத்து வந்த பெட்ரோல் ரேஷனை அரசாங்கம் நிறுத்திவிட்டது. பெட்ரோல் இல்லாத காரை யார் வாங்குவார்கள்? கையில் இருந்த கார்களை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். சம்பாதித்த பணம் போயிற்று. ஒரே ஒரு கார் மட்டும் விற்காமல் நின்றது. அது 1930-ம் வருடத்து ஆஸ்டின் செவன். சின்னக் கார். கிழட்டுக் கார்.

அதை விற்க முடியாததுதான் சாப்மனின் அதிர்ஷ்டம்!

அவருக்கு ஹேசல் வில்லியம்ஸ் என்ற பெண்ணோடு பழக்கம். அவள் பெற்றோர் வீட்டுக் கொட்டகையில் அந்தக் காரை நிறுத்தி, மேல் பாகத்தைக் கழற்றி எறிந்தார். ஒட்டுப் பலகையும் அலுமினியத் தகடும் வைத்துப் புதிய உடம்பு கட்டினார். சேற்று மேட்டில் கார் ஏற்றும் போட்டிகள் அங்கே உண்டு. அதில் ஓட்டினார். அதுதான் முதல் லோட்டஸ். ஆண்டு 1948.

படிப்பு முடிந்து, சிறிது காலம் விமானப் படையில் இருந்தார். பிறகு ஓர் அலுமினியக் கம்பெனியில் வேலை. வேலை முடிந்ததும் கார். 1952-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி, தந்தையின் ஓட்டலுக்குப் பின்னால் இருந்த பழைய குதிரை லாயத்தில் லோட்டஸ் கம்பெனி தொடங்கியது. முதலுக்கு ஹேசல் 25 பவுன் கடன் கொடுத்தாள். 1954-ல் இருவருக்கும் கல்யாணம் நடந்தது. பிற்காலத்தில் உலகம் முழுவதும் பேசப்பட்ட ஒரு தொழிலுக்கு முதல் போட்டது ஒரு பெண்ணின் சேமிப்பு என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

கெட்டியா, இளக்கமா?

இனி வில்லுக்கு வருவோம்.

ஒரு வில்லின் மேல் 50 கிலோ மூட்டையை வைக்கிறீர்கள். வில் 1 அங்குலம் அமுங்குகிறது. 100 கிலோ வைத்தால் 2 அங்குலம் அமுங்கும். 150 கிலோ வைத்தால் 3 அங்குலம். இந்தக் கணக்கை ராபர்ட் ஹூக் என்ற இங்கிலீஷ் விஞ்ஞானி 1678-லேயே அச்சிட்டு வெளியிட்டார். 1 அங்குலம் அமுக்க எத்தனை கிலோ வேண்டும் என்பதுதான் ஒரு வில்லின் குணம். என்ஜினீயர்கள் அதை ஸ்பிரிங் ரேட் என்பார்கள். அதிகக் கிலோ வேண்டுமானால் கெட்டி வில். குறைந்த கிலோவில் அமுங்கினால் இளக்க வில்.

இது பட்டறைக்காரர்களுக்குத் தெரியாத விஷயம் அல்ல. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்திலிருந்து வேலிக்கருவேலங் கரி ஏற்றிப் போகும் லாரிகளைப் பாருங்கள். பாரம் கூடினால், கமானில் ஒரு பட்டை கூடுதலாகச் சேர்த்துக் கட்டுவார்கள். வில் கெட்டியாகும். லாரி உட்காராது. ஆனால் கரியை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது என்ன ஆகிறது? தவளை மாதிரி குதிக்கிறது! பாரத்துக்கு ஏற்ற வில், வெறும் வண்டிக்கு ஆகாது.

சாப்மன் பந்தயத்துக்கு வந்தபோது, பந்தயக் காருக்குக் கெட்டி வில்தான் வேண்டும் என்று பலரும் நினைத்தார்கள். கெட்டி வில் போட்டால் கார் வளைவில் சாயாது, சாயாத கார் வேகமாகத் திரும்பும் என்பது அவர்கள் எண்ணம். பார்ப்பதற்கும் அப்படித்தான் தோன்றும்.

சாப்மன் வேறு மாதிரி யோசித்தார். காரைத் தரையோடு பிடித்து வைத்திருப்பது எது? டயர். உள்ளங்கை அகலம் நான்கு இடத்தில் தரையைத் தொடுகிறது. கார் திரும்புவதும் நிற்பதும் அந்த நான்கு உள்ளங்கைகளின் தயவில்தான். கெட்டி வில் போட்ட கார் ஒரு மேட்டில் ஏறினால், சக்கரம் துள்ளும். துள்ளிய சக்கரம் கண் இமைக்கும் நேரம் ஆகாயத்தில் இருக்கும். ஆகாயத்தில் இருக்கும் டயருக்கு ஏது பிடி? ஆகவே வில் இளக்கமாக இருக்க வேண்டும். சாலை எப்படி நெளிந்தாலும், சக்கரம் அதைத் தடவிக் கொண்டே போக வேண்டும்.

இதை முதலில் கண்டுபிடித்தவர் அவர் அல்ல. 1937-லேயே ஜெர்மனியின் மெர்சிடிஸ் பந்தயக் காரில் கெட்டிச் சட்டமும் இளக்க வில்லும் வைத்திருந்தார்கள். ஆனால் அதைச் சின்னக் காருக்கும் எடை குறைந்த காருக்கும் கொண்டு வந்து, கணக்கோடு செய்து காட்டியவர் சாப்மன்.

இளக்க வில் வைப்பதற்கு மூன்று தடைகள் இருந்தன.

முதல் தடை, காரின் சட்டம். கால் ஆடும் கயிற்றுக் கட்டிலில் படுத்திருக்கிறீர்களா? நாம் புரண்டால் கட்டிலும் கோணும். அக்காலக் கார்களின் சட்டமும் அப்படித்தான். வளைவில் சட்டமே முறுக்கிக் கொண்டு இன்னொரு வில்லாகிவிடும். பிறகு எந்த வில்லைப் போட்டு என்ன பயன்? சாப்மன் பாலம் கட்டும் படிப்பைக் கொண்டு, மெல்லிய குழாய்களை முக்கோணம் முக்கோணமாகச் சேர்த்துச் சட்டம் கட்டினார். எடை குறைவு. ஆனால் முறுக்கிக் கொள்ளாது.

இரண்டாவது தடை, ஆட்டம். இளக்க வில் ஒரு முறை அமுங்கினால் உடனே நிற்காது. தூளி மாதிரி ஆடிக் கொண்டே இருக்கும். அதை அடக்க நல்ல ஷாக் அப்சார்பர் தேவை. வில்லை இளக்கிய சாப்மன், ஷாக் அப்சார்பர் விஷயத்தில் மட்டும் கறாராக இருந்தார்.

மூன்றாவது தடைதான் பெரியது. அதுதான் வளைவு.

வளைவில் நடப்பது என்ன?

கார் இடது பக்கம் திரும்பும்போது, பாரம் வலது சக்கரங்களுக்குப் போகிறது. இடது சக்கரங்கள் லேசாகின்றன. எவ்வளவு பாரம் போகும்? அது காரின் எடை, உயரம், அகலம், வேகம், வளைவின் கூர்மை ஆகியவற்றைப் பொறுத்தது. கரி மூட்டையை வானளாவ அடுக்கிய லாரி வளைவில் கவிழ்வதும், தாழ்வான கார் கவிழாததும் இதனால்தான். இந்த மொத்தப் பாரத்தை வில்லால் குறைக்க முடியாது. கெட்டி வில் போட்டால் கார் சாயாமல் இருக்கும். ஆனால் பாரம் போவது போவதுதான். பல டிரைவர்களே தவறாகப் புரிந்து கொண்டிருக்கும் இடம் இது.

அப்படியானால் வில்லுக்கு என்ன வேலை? பங்கு பிரிக்கும் வேலை! வெளிப்பக்கம் போகும் பாரத்தில், முன் சக்கரம் எவ்வளவு தாங்குவது, பின் சக்கரம் எவ்வளவு தாங்குவது என்பதை வில்தான் தீர்மானிக்கிறது. எந்தப் பக்கம் வில் கெட்டியோ, அந்தப் பக்கம் அதிகப் பாரத்தை ஏற்கும்.

டயருக்கு ஒரு குணம் உண்டு. இரண்டு மடங்கு பாரம் ஏற்றினால், இரண்டு மடங்கு பிடி கிடைக்காது. கொஞ்சம் குறைவாகத்தான் கிடைக்கும். இரண்டு பேர் தூக்க வேண்டிய மூட்டையை ஒருவர் தலையில் ஏற்றினால் அவர் தள்ளாடுவது போல! முன் வில் மிகவும் கெட்டியானால், முன்னே வெளிப்பக்கச் சக்கரம் தள்ளாடும். ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் கார் திரும்பாமல் நேராக ஓடப் பார்க்கும். பின் வில் மிகவும் கெட்டியானால், பின்பக்கம் தள்ளாடும். காரின் வால் வெளியே வீசும். கார் பம்பரம் போல் சுற்றிவிடும்.

இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். அதற்காக முன்னும் பின்னும் வில்லை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பார்கள். அது போதாதபோது, இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் ஒரு முறுக்குக் கம்பியால் இணைப்பார்கள். இரண்டு சக்கரங்களும் சேர்ந்து ஏறினால் கம்பி சும்மா இருக்கும். ஒன்று ஏறி ஒன்று இறங்கினால், அதாவது கார் சாய்ந்தால், கம்பி முறுக்கிக் கொண்டு எதிர்க்கும். இதனால் மேட்டுக்கு இளக்கமும் வளைவுக்குக் கெட்டியும் ஒரே காரில் கிடைக்கும்.

கார் சாயும்போது சக்கரமும் கூடவே சாய்ந்தால், டயர் விளிம்பில் ஓடும். பிடி போய்விடும். ஆகவே, உடல் சாய்ந்தாலும் சக்கரம் நிமிர்ந்தே நிற்கும்படி இணைப்புத் தண்டுகளை அமைத்தார் சாப்மன். அவருடைய திறமையின் உச்சம் இதுதான் என்று சொல்லலாம்.

இவருடைய புகழ் மெல்லப் பரவியது. வான்வெல் என்ற பந்தயக் காரைச் செய்து வந்த ஒரு பணக்காரத் தொழிலதிபர், சாப்மனைக் கூப்பிட்டார். நல்ல என்ஜின் இருந்தும் அவர் காரால் ஜெயிக்க முடியவில்லை. சாப்மன் சட்டத்தையும் வில் அமைப்பையும் புதிதாக வரைந்து கொடுத்தார். 1957-ல் அந்தக் கார் பிரிட்டிஷ் கிராண்ட் பிரிக்ஸில் வென்றது. 1958-ல் கார் கம்பெனிகளுக்கான உலகச் சாம்பியன் பட்டம் முதல் முறையாக வழங்கப்பட்டபோது, அதை வாங்கியது வான்வெல்!

1962-ல் எலான் என்ற சின்னக் காரை லோட்டஸ் விற்பனைக்குக் கொண்டு வந்தது. எடை 700 கிலோவுக்கும் குறைவு. வில் மிக இளக்கம். மெத்தையில் போவது போல் போகும். வளைவிலோ, தண்டவாளத்தில் ஓடுவது போல் திரும்பும். சுகமும் வேகமும் ஒரே வண்டியில் சேராது என்று சொன்னவர்கள் வாயை அது மூடிவிட்டது.

விவசாயி மகன்

ஸ்காட்லாந்தில் ஆட்டுப் பண்ணை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை ஜிம் கிளார்க். கூச்ச சுபாவம். ஸ்டீயரிங்கைப் பிடித்தால் அவருக்கு நிகர் இல்லை. 1963-லும் 1965-லும் லோட்டஸ் காரில் உலகச் சாம்பியன் ஆனார். அவர் வென்ற 25 கிராண்ட் பிரிக்ஸ் பந்தயங்களும் லோட்டஸ் காரில் வென்றவைதான். சாப்மனும் அவரும் உற்ற நண்பர்கள். கார் ஜெயித்தால் சாப்மன் ஓடி வந்து, தலையில் இருக்கும் கறுப்புத் தொப்பியைக் கழற்றி ஆகாயத்தில் வீசுவார். அந்தக் காட்சியைப் பார்ப்பதற்கென்றே ஜனங்கள் காத்திருப்பார்கள்.

1966-ல் கம்பெனி, நார்ஃபோக் மாவட்டத்தில் ஹெத்தல் என்ற இடத்துக்குப் போயிற்று. அது உலகப் போரில் குண்டு விமானங்கள் இறங்கிய பழைய ஓடுதளம். அதுவே சோதனைத் தடம் ஆயிற்று. நம் சென்னைக்கு அருகில் சோழவரத்திலும், போர்க்காலத்து விமானத் தளத்தில்தான் மோட்டார் பந்தயங்கள் நடந்தன. அங்கும் லோட்டஸ் கார்கள் ஓடியது உண்டு.

இத்தனை புகழுக்கும் ஒரு விலை இருந்தது. அதைச் சாப்மன் கொடுக்கவில்லை. அவர் காரை ஓட்டியவர்கள் கொடுத்தார்கள்.

வீணாக ஒரு கிராம்கூட இருக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. எடை குறைந்தால் வில் இளகலாம், டயர் தேயாது, கார் பறக்கும். எல்லாம் சரி. ஆனால் சக்கரத்தைத் தாங்கும் தண்டிலும் அதே சிக்கனமா? 1960-ல் பெல்ஜியத்தில் ஸ்பா என்ற இடத்தில், பயிற்சியின்போது ஸ்டர்லிங் மாஸ் ஓட்டிய லோட்டஸின் பின் சக்கரம் கழன்று ஓடியது. அவருடைய இரண்டு கால்களும் முறிந்தன. அதே நாளில் இன்னொரு லோட்டஸின் ஸ்டீயரிங் தண்டு உடைந்து, அதை ஓட்டியவர் படுகாயம் அடைந்தார்.

1968-ம் ஆண்டு ஏப்ரல் 7-ந் தேதி, ஜெர்மனியில் ஹாக்கன்ஹைம் தடத்தில் ஜிம் கிளார்க்கின் கார் மரங்களுக்குள் பாய்ந்தது. அந்த இடத்திலேயே அவர் உயிர் போயிற்று. பின் டயரில் காற்று இறங்கியதுதான் காரணமாக இருக்கும் என்று கருதப்பட்டது. சாப்மன் இடிந்து போனார். ஆனால் கார் செய்வதை நிறுத்தவில்லை. அந்த ஆண்டே கிரஹாம் ஹில் லோட்டஸில் உலகச் சாம்பியன் ஆனார்.

இறந்த பின் பட்டம்

அடுத்து வந்தவர் ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஜோகன் ரிண்ட். 1969-ல் ஸ்பெயின் பந்தயத்தில் காரின் பின் இறக்கை முறிந்து விபத்து நடந்தது. ரிண்ட் அடிபட்டுப் பிழைத்தார். லோட்டஸ் கார்களின் உறுதியில் தமக்கு நம்பிக்கை குறைந்துவிட்டது என்று சாப்மனுக்குக் கடிதமே எழுதினார். ஆனாலும் லோட்டஸை விட்டுப் போகவில்லை. வேகமான கார் அங்கேதானே இருந்தது!

1970-ல் லோட்டஸ் 72 என்ற கார் வந்தது. ஆப்பு மாதிரி கூர்மையான மூக்கு. வில்லுக்குப் பதிலாக முறுக்குக் கம்பிகள். அதில் ஒரு தந்திரம் இருந்தது. கம்பி அமுங்க அமுங்கக் கெட்டியாகும். பந்தயம் தொடங்கும்போது டாங்கி நிறையப் பெட்ரோல். முடியும்போது டாங்கி காலி. பாரம் ஏறி இறங்கினாலும் கார் ஒரே மாதிரி நடக்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. கரி லாரி பட்ட பாட்டுக்கு ஒரு பரிகாரம் என்று வைத்துக் கொள்ளலாம்.

அதோடு நிற்காமல், பிரேக் போட்டால் மூக்குத் தாழாமலும், வேகம் கூட்டினால் வால் அமுங்காமலும் இருக்கும்படி இணைப்புகளை அமைத்திருந்தார்கள். காகிதத்தில் அது அழகாக இருந்தது. சாலையில் கெடுத்துவிட்டது. கார் தாழ்வதையும் நிமிர்வதையும் வைத்துத்தான் ஓட்டுபவர் டயரின் நிலையை அறிவார். அந்தச் சேதி வராமல் போனதால் ரிண்ட் தடுமாறினார். சாப்மன் பிடிவாதக்காரர்தான். ஆனால் இந்த விஷயத்தில் தப்பை ஒப்புக்கொண்டு மாற்றினார். மாற்றியதும் ரிண்ட் ஹாலந்து, பிரான்ஸ், இங்கிலாந்து, ஜெர்மனி என்று வரிசையாக நான்கு பந்தயங்களில் வென்றார்.

செப்டம்பர் 5-ந் தேதி இத்தாலியில் மான்சா தடம். மறுநாள் பந்தயம். பயிற்சியில் ரிண்ட் வளைவை நெருங்கி பிரேக் போட்டபோது, முன் சக்கரத்தின் பிரேக் தண்டு முறிந்தது. கார் திரும்பி வேலியில் மோதியது. ரிண்ட் இறந்தார். வயது 28.

அவர் சேர்த்து வைத்த புள்ளிகளை அந்த ஆண்டு வேறு யாராலும் எட்ட முடியவில்லை. அமெரிக்காவில் நடந்த பந்தயத்தில், லோட்டஸின் புது ஆட்டக்காரரான பிரேசில் நாட்டு எமர்சன் ஃபிட்டிபால்டி ஜெயித்து, ரிண்டின் பட்டத்தை உறுதி செய்தார். இறந்த பிறகு உலகச் சாம்பியன் ஆனவர் ரிண்ட் ஒருவர்தான். கோப்பையை அவர் மனைவி வாங்கிக் கொண்டாள்.

சாப்மனுக்கு ஜேன், சாரா, கிளைவ் என்று மூன்று பிள்ளைகள். வீட்டில் ஹேசல். அந்த வீட்டுக்கு எத்தனை முறை இப்படிப்பட்ட சேதி வந்திருக்கும்!

வில்லுக்கு வந்த சோதனை

1977-ல் சாப்மனும் அவருடைய ஆட்களும் புதிய வித்தை ஒன்றைக் கண்டார்கள். விமான இறக்கை விமானத்தை மேலே தூக்குகிறது. அதைத் தலைகீழாகக் காரின் அடியில் வைத்தால்? காரைத் தரையை நோக்கி இழுக்கும். காரின் இரு பக்கமும் தரையைத் தொடும்படி பாவாடை போலத் தடுப்புக் கட்டினார்கள். அடியில் ஓடும் காற்றே காரை உறிஞ்சிப் பிடித்தது. வளைவில் யாரும் கனவு காணாத வேகம்! 1978-ல் மாரியோ ஆண்ட்ரெட்டி லோட்டஸ் 79 காரில் உலகச் சாம்பியன் ஆனார். பட்டம் உறுதியான அதே மான்சா பந்தயத்தில், அவருடைய ஜோடிக்காரர் ரானி பீட்டர்சன் விபத்தில் அடிபட்டு மறுநாள் இறந்தார்.

இந்த வித்தை சாப்மனின் பழைய வித்தைக்கே பகையாக முடிந்தது. காற்று இழுக்கும் பாரத்தில் இளக்க வில் தரையோடு உட்கார்ந்துவிடும். அடியில் உள்ள இடைவெளி மாறினால் உறிஞ்சுவது அறுந்து போகும், மறுபடி பிடிக்கும், மறுபடி அறும். கார் கடல் மீன் போலத் துள்ளும். இதைத் தடுக்க ஒரே வழி, வில்லைக் கல் மாதிரி கெட்டியாக்குவது. எல்லாக் கம்பெனிகளும் அதைத்தான் செய்தன. பல லட்சம் பவுன் போட்டுச் செய்த கார், கடைசியில் கட்டை வண்டி ஆகிவிட்டது! ஓட்டுபவர்களின் முதுகு நொறுங்கியது. கண் பார்வை கலங்கியது.

கெட்டி வில்லை எதிர்த்துப் பேர் வாங்கியவர், கெட்டி வில்லைக் கட்டாயமாக்கிவிட்டார்.

1981-ல் அவர் அதற்கு ஒரு மாற்றுக் கொண்டு வந்தார். லோட்டஸ் 88 என்ற அந்தக் கார், காருக்குள் கார். வெளிக்கூடு கெட்டி வில்லில் நின்று காற்றின் பாரத்தை நேராகச் சக்கரங்களுக்குக் கொடுக்கும். உள்ளே ஓட்டுபவரும் என்ஜினும் இளக்க வில்லில் தனியாக மிதப்பார்கள். காருக்குக் கெட்டி, மனிதனுக்கு இளக்கம். அவர் யோசனைகளிலேயே அழகானது இதுதான்.

மற்றக் கம்பெனிகள் கூச்சல் போட்டன. காற்றின் பாரம் தாங்கும் பாகம் அசையக் கூடாது என்பது சட்டம். வெளிக்கூடு அசைகிறதே என்றார்கள். கார் தடை செய்யப்பட்டது. ஒரு பந்தயத்தில்கூட அது ஓடவில்லை. சாப்மன் மனம் உடைந்து போனார்.

இன்னொரு புயலும் சூழ்ந்தது. டீலோரியன் என்ற கார் கம்பெனி, பிரிட்டிஷ் அரசாங்கப் பணத்தில் வட அயர்லாந்தில் தொழிற்சாலை கட்டியது. அந்தக் காரை ஓட்டத்துக்குத் தயார் செய்யும் பொறுப்பு லோட்டஸுக்கு. 1982-ல் டீலோரியன் திவாலானது. 1 கோடியே 70 லட்சம் டாலருக்கு மேல் எங்கோ மறைந்திருந்தது. அந்தப் பணத்தின் தடம் சாப்மன் பக்கமும் போயிற்று. அவர் கோர்ட்டுக்கு வரும் நாள் வரவே இல்லை. அவருடைய கம்பெனியில் கணக்குப் பார்த்த அதிகாரி 1992-ல் தண்டனை அடைந்தார். சாப்மன் உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் சிறைதான் என்று பலர் நினைத்தார்கள். வில்லின் கணக்கில் நேர்மையாக இருந்தவர் பணக் கணக்கில் அப்படி இல்லை என்பது வருத்தமான விஷயம்.

அந்த ஆண்டு ஆகஸ்டில் ஆஸ்திரியப் பந்தயத்தில் லோட்டஸ் ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு வித்தியாசத்தில் வென்றது. கறுப்புத் தொப்பி ஆகாயத்தில் பறந்தது. அதுதான் கடைசித் தடவை.

கடைசி வில்

அந்தக் கஷ்டத்திலும் ஹெத்தலில் ஒரு வேலை நடந்து கொண்டிருந்தது. கெட்டி வில்லும் வேண்டாம், இளக்க வில்லும் வேண்டாம். நேரத்துக்கு ஏற்ப மாறும் வில் வேண்டும். மேடு வந்தால் இளக வேண்டும். வளைவு வந்தால் கெட்டிப்பட வேண்டும். இரும்பால் அது முடியாது. ஆகவே ஒவ்வொரு சக்கரத்துக்கும் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஜாக்கி. சக்கரம் எங்கே இருக்கிறது, பாரம் எவ்வளவு என்று அளந்து சொல்லக் கருவிகள். அதைக் கேட்டு அந்தந்தக் கணத்தில் ஜாக்கிக்கு உத்தரவு போட ஒரு கம்ப்யூட்டர். முதலில் சாலையில் ஓடும் எஸ்பிரிட் காரில் வைத்துப் பார்த்தார்கள். பிறகு பந்தயக் காரில் பொருத்தினார்கள்.

சோதனை ஓட்டத்துக்கு 1982-ம் ஆண்டு டிசம்பர் 16-ந் தேதி குறிக்கப்பட்டது. இடம் ஸ்நெட்டர்டன். அதுவும் பழைய விமானத் தளம்தான்.

சாப்மன் பாரிஸ் நகரில் பந்தய விதிகள் பற்றிய கூட்டத்துக்குப் போயிருந்தார். அது முடிந்து வீடு திரும்பினார். 16-ந் தேதி விடியற்காலையில் அவருக்கு மாரடைப்பு. உயிர் பிரிந்தது. வயது 54.

அன்று ஸ்நெட்டர்டனில் கார் ஓடியது.

1983-ல் நைஜல் மான்செல் அந்தக் காரை இரண்டு பந்தயங்களில் ஓட்டினார். எடை அதிகம். ஜெயிக்கவில்லை. வில்லைக் கழற்றி வைத்துவிட்டு, நான்கு ஆண்டுகள் மேலும் உழைத்தார்கள். 1987-ம் ஆண்டு மே 31-ந் தேதி, மொனாக்கோ நகரத்தின் தெருக்களில் பந்தயம். மேடும் பள்ளமும் கூர்மையான வளைவுகளும் உள்ள தெருக்கள். மஞ்சள் வர்ணம் பூசிய லோட்டஸில் அயர்டன் சென்னா முதலாவதாக வந்தார். கம்ப்யூட்டர் வில் வைத்த கார் கிராண்ட் பிரிக்ஸ் வென்றது அதுவே முதல் தடவை. மூன்று வாரம் கழித்து அமெரிக்காவில் டெட்ராய்ட் தெருக்களிலும் அதே கார், அதே சென்னா, அதே வெற்றி.